நான்கு ஸ்லாட், இரண்டு ஸ்டிக்: தம்பியின் கணினிக்கு ரேம் தேர்ந்த பதிவு

என் தம்பி மதுரையில் திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறான். முகூர்த்த நாட்கள் வரிசையாக வரும் மாதங்களில் அவனுடைய கணினி இரவு பகலாக, தொகுத்த காட்சிகளை முழு வீடியோவாக ஆக்கும் ரெண்டர் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறையும்போது அதே கணினியில் அவன் கேம் விளையாடுவான். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு கணினியை 2024 ஜனவரியில் உதிரிபாகங்களாக வாங்கி, நானே பொருத்திக் கொடுத்தேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றைத் தேர்வதில் எனக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. ரேம் விஷயத்தில் மட்டும் ஒரு முடிவைத் தவறாக எடுத்துவிட்டு, பத்து மாதங்கள் கழித்து அதைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் தவறும் அதைத் திருத்திய விதமும் இதே போன்ற கணினியைப் பொருத்த நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவனுடைய பழைய கணினியில் ரைசன் 5 3600 பிராசசரும், டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமில் 3200 வேகம் கொண்ட, 8 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக்குகளும் இருந்தன. "அண்ணே, பிராசசர் பழசாயிருச்சு, அதான் திணறுது" என்று அவன் சொன்னான். பிராசசரும் பழையதுதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடலாம் என்று, இரண்டு வாரங்கள் அவனுடைய இரண்டாவது திரையில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபடியே வைத்திருக்கச் சொன்னேன். அதில் மெமரி பக்கத்தில் பெரும்பாலானோர் 'இன் யூஸ்' என்ற எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அந்த எண் கணினியில் இருக்கும் ரேமின் அளவைத் தாண்டிப் போக முடியாது என்பதால், எவ்வளவு போதவில்லை என்பதை அது காட்டாது. பார்க்க வேண்டியது 'கமிட்டட்' என்ற எண்ணை. திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து விண்டோஸிடம் கேட்டு வாங்கியிருக்கும் மொத்த இடத்தை அது காட்டும். ரேமில் இடம் இல்லாதபோது அதன் ஒரு பகுதி எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போய்விடும். மூன்று கேமராக்களின் 4கே காட்சிகளை ஒரே டைம்லைனில் வைத்து டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் அவன் தொகுத்தபோது அந்த எண் 27 முதல் 29 ஜிபி வரை போனது. இருந்த ரேம் 16 ஜிபி. ரேமில் இல்லாத தரவை எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகளைக் காட்டும், ரிசோர்ஸ் மானிட்டரின் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' வரைபடம் சுவர்போல் நிமிர்ந்து நின்ற அதே நேரத்தில்தான் காட்சியும் நின்று நின்று ஓடியது. பிராசசரின் பயன்பாடு அப்போது பாதியைக்கூட எட்டவில்லை. அவன் பிராசசரைக் குறை சொன்ன பல இரவுகளில், உண்மையில் அந்தப் பிராசசர் எஸ்எஸ்டியிலிருந்து தரவு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வீடியோ தொகுப்புக்கு ஏன் இவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் கேமரா பதிவு செய்யும் 10 விநாடிக் காட்சி, மெமரி கார்டில் 125 எம்பி இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது சுருக்கப்பட்ட வடிவம். திரையில் காட்டவும் நிறம் திருத்தவும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக விரிக்க வேண்டும். 3840க்கு 2160 என்ற அளவில் ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் தன்மை என்ற நான்கு மதிப்புகளையும் 8 பிட் ஆழத்தில் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 33 எம்பி. 32 பிட் மிதவைப் புள்ளி ஆழத்தில் வைத்தால் 133 எம்பி. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 10 விநாடிக்கு 250 ஃபிரேம்கள். மணமக்கள் பெயர் பொன்னிறத்தில் மிதந்து வருவதுபோல ரிசால்வுக்குள் உள்ள ஃபியூஷன் என்ற அனிமேஷன் பகுதியில் செய்த ஒரு தலைப்புக் காட்சியை 32 பிட் ஆழத்தில் முழுவதுமாக ரேமில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், அதற்கு மட்டும் 33 ஜிபி வேண்டும். இடம் போதாவிட்டால் மென்பொருள் பழைய ஃபிரேம்களைக் கைவிட்டுத் திரும்பவும் கணக்கிடும்; தொகுப்பவர் காத்திருப்பார். ரிசால்வை வெளியிடும் பிளாக்மேஜிக் நிறுவனமே விண்டோஸ் கணினிக்கு 16 ஜிபி என்றும், ஃபியூஷன் பயன்படுத்தினால் 32 ஜிபி என்றும் குறிப்பிடுகிறது. அந்த 32 என்பது வேலை தொடங்குவதற்கான அளவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மேற்கண்ட கணக்கு எனக்கு உணர்த்தியது. ஆனால் வாங்கும் நாளில் அதை நான் போதிய அளவு மதிக்கவில்லை.

கேமின் தேவை வேறு வகையானது. கேமுக்கு அளவு ஒரு எல்லைக்கு மேல் உதவாது. பெரும்பாலான கேம்களுக்கு 16 ஜிபி போதும், பின்னணியில் வேறு மென்பொருள்கள் திறந்திருந்தால் 32 ஜிபி நிம்மதியைத் தரும். 2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 போன்ற ஒன்று மட்டும் குறைந்தபட்சம் 16, பரிந்துரை 32, உச்ச நிலைக்கு 64 ஜிபி என்று கேட்கிறது. கேமுக்கு அளவைவிடத் தாமதமே முக்கியம். பிராசசர் ஒரு தரவைக் கேட்டு, அது ரேமிலிருந்து வந்து சேரும்வரை கடக்கும் நேரம் கூடும்போது, சராசரி ஃபிரேம் எண்ணிக்கை சிறிதே குறைந்தாலும், நெரிசலான காட்சிகளில் திடீர்த் தடுக்கல்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. ஆக எடிட்டிங் நிறைய இடத்தைக் கேட்கிறது, கேம் விரைவான பதிலைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே செலவில் நிறைவேற்றுவதுதான் தேர்வின் சிக்கல்.

பிராசசராக 12 கோர்கள் கொண்ட ரைசன் 9 7900ஐத் தேர்ந்தேன். இது ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்துவது. அந்த சாக்கெட்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே வேலை செய்யும். பழைய டிடிஆர்4 ஸ்டிக்குகளை மாற்றிப் போடலாமா என்று தம்பி கேட்டான். இரண்டு வகையிலும் 288 முனைகள் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. மின்சார அமைப்பும் வேறு: டிடிஆர்4 அடிப்படையில் 1.2 வோல்டிலும் டிடிஆர்5 1.1 வோல்டிலும் இயங்குகின்றன. டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு சில்லு ஸ்டிக்கின் மேலேயே இருக்கிறது. இன்டெலின் 12ஆம், 13ஆம் தலைமுறைப் பிராசசர்களில் டிடிஆர்4 மதர்போர்டும் கிடைக்கும் என்பதால், பழைய ரேமைக் காப்பாற்ற அந்த வழி இருந்தது. ஆனால் காப்பாற்றப்படுவது 16 ஜிபி மட்டும்தான், அது எப்படியும் போதாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்து வேகம். பெட்டியின் மேல் 6000 என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பலர் மெகா ஹெர்ட்ஸ் என்று படிக்கிறார்கள். உண்மையில் அது நொடிக்கு 600 கோடிப் பரிமாற்றங்கள் என்பதைக் குறிக்கிறது, கடிகாரத் துடிப்பு அதில் பாதியான 3000 மெகா ஹெர்ட்ஸ்தான். ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுப் பாதையைச் சேனல் என்பார்கள்; ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு சேனலில் 8 பைட் போகும். எனவே ஒரு சேனலுக்கு நொடிக்கு 48 ஜிபி, இரண்டு சேனலுக்கு 96 ஜிபி. ஒரே ஸ்டிக் போட்டவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும் என்பதால், ஒற்றை ஸ்டிக் வாங்கும் எண்ணத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகத்தோடு, கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஆகும் என்பதைச் சொல்லும் சிஎல் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் வரும். 6000 சிஎல்30 என்றால் 10 நானோ விநாடி. 6000 சிஎல்36 என்றால் 12. 5600 சிஎல்36 என்றால் 12.9, அடிப்படை நிலையான 4800 சிஎல்40 என்றால் 16.7. பழைய டிடிஆர்4-3200 சிஎல்16க்கும் இதே 10 நானோ விநாடிதான் வருகிறது. டிடிஆர்5இல் கண்ணை மூடிக்கொண்டு மலிவானதை வாங்கினால், அகலமான சாலையில் மெதுவாகப் போகும் வண்டி போலத் தாமதத்தில் பின்னடைவு ஏற்படும்.

6000ஐத் தாண்டி ஏன் போகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ரைசன் 7000 வரிசையில் ரேமின் கடிகாரமும் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் கடிகாரமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடும்போதுதான் தாமதம் குறைவாக இருக்கும். 6000 வரை பெரும்பாலான பிராசசர்கள் அந்த விகிதத்தைத் தாங்குகின்றன, 6400இல் எல்லாம் தாங்குவதில்லை. அதற்கு மேல் போனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது, ரேமின் வேகத்தால் கிடைத்த ஆதாயம் அங்கே கரைந்துபோகிறது. 2022இல் இந்தப் பிராசசர்களை வெளியிட்டபோது ஏஎம்டி நிறுவனமே 6000ஐத்தான் பொருத்தமான இடமாகச் சொன்னது. விளக்கு எரியும் ஸ்டிக்கா, சாதாரண ஸ்டிக்கா என்பது பற்றி யோசிக்க எதுவும் இல்லை; கூலரின் அடியில் இடிக்காத உயரமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதுவரை எல்லாம் சரி. தவறு இதற்குப் பிறகுதான் நடந்தது. 6000 சிஎல்30இல் 16 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக் கொண்ட கிட் அன்று எனக்குச் சுமார் 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 32 ஜிபி வீதம் இரண்டு கொண்ட கிட் ஏறத்தாழ அதன் இரு மடங்கு. மதர்போர்டில் நான்கு ஸ்லாட்கள் இருந்தன. இப்போது இரண்டில் 32 ஜிபி போடுவோம், கையில் பணம் சேர்ந்ததும் மீதி இரண்டில் இன்னொரு 32 போடுவோம் என்று முடிவு செய்தேன். டிடிஆர்4 காலத்தில் பலமுறை செய்த வேலை அது. டிடிஆர்5இல் அந்தப் பழக்கம் அப்படியே செல்லுபடியாகாது என்பதை போர்டின் கையேடு சொல்லியிருந்தது. நான்கு ஸ்டிக்குக்கு உரிய வரியை நான் படிக்காமல் கடந்துவிட்டேன்.

பொருத்திய நாளை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பயந்துபோவது அந்த இடத்தில்தான். கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுக் கையில் இருந்த நிலைமின்னை இறக்கிவிட்டு, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் வரும் ஸ்லாட்களைத் திறந்தேன்; போர்டில் அவை ஏ2, பி2 என்று எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு சேனலின் மின்பாதையும் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் முடிகிறது. முதலாவதில் ஸ்டிக்கைப் போட்டால், அதைத் தாண்டி வெறுமையாக நீளும் பாதையில் மின்குறிப்பு போய் எதிரொலித்துத் திரும்பி, அடுத்த குறிப்பைக் கலைக்கும். அதனால்தான் கடைசி ஸ்லாட். ஸ்டிக்கின் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு முனைகளிலும் கட்டை விரல்களை வைத்து ஒரே சீராக அழுத்தியபோது, முதலில் பூட்டு இல்லாத பக்கம் அமர்ந்தது, பிறகு பூட்டு உள்ள பக்கம் 'டக்' என்று விழுந்தது. கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பொன்னிற முனைகளின் விளிம்பு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே கோடாகத் தெரிந்தது. ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கித் தெரிந்தால் அது அமரவில்லை என்று பொருள்.

பவர் பட்டனை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன, திரை கறுப்பாகவே இருந்தது, போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் ஆனது. தம்பி பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். வேண்டாம் என்று தடுத்தேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். மூன்றரை நிமிடத்தில் திரை விழித்தது. டிடிஆர்5இல் முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, ஒவ்வொரு தரவுப் பாதையிலும் குறிப்பு எந்தக் கணத்தில் எந்த மின்னழுத்தத்தில் தெளிவாக வருகிறது என்று போர்டு சோதித்துச் சோதித்து அமைத்துக்கொள்கிறது; அதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். யுபிஎஸ் இல்லாமல் இந்தக் கட்டத்துக்குள் நுழைய வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

முதலில், போர்டுக்குள் இருந்து கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய செய்திகள் வந்த பிறகு, பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் எஸ்ஓசி பகுதியின் மின்னழுத்தத்தை 1.3 வோல்டுக்குள் நிறுத்தும் பயாஸ்களைப் போர்டு நிறுவனங்கள் வெளியிட்டன. ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு அமைக்கும் எக்ஸ்போ ப்ரொஃபைலை இயக்கும்போது அந்த மின்னழுத்தமும் உயரும் என்பதால், அந்தத் திருத்தம் இல்லாத பயாஸில் எக்ஸ்போவைத் தொடக் கூடாது. புதுப்பித்த பிறகு எக்ஸ்போவை இயக்கினேன். இதைச் செய்யாமல் விட்டுவிட்டால் 6000 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம், 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும். டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து நான்கு சுற்றுகள் ஓட்டினேன், பிழை ஒன்றுகூட இல்லை. கேம் அருமையாக ஓடியது. எடிட்டிங்கும் பழைய கணினியோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இலகுவானது.

அந்த ஆண்டு ஐப்பசி முகூர்த்தங்களுக்கு அவன் நான்காவது கேமராவும் டிரோனும் சேர்த்தான், ஃபியூஷனில் தலைப்புகளும் கூடின. 'கமிட்டட்' எண் 44 ஜிபியைத் தொட்டது. திட்டமிட்டபடி அதே மாடலில், அதே எண் அச்சிட்ட இரண்டாவது கிட்டை வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்களில் பொருத்தினேன். திரை வரவில்லை. மஞ்சள் விளக்கு ஏழெட்டு நிமிடம் எரிந்து, போர்டு தானே மூன்று முறை அணைந்து எழுந்து, கடைசியில் அடிப்படை வேகத்துக்குத் திரும்பிவிட்டது. எக்ஸ்போவில் 6000 என்பது நடக்காது என்று உறுதியானது. 5600ஐக் கையால் அமைத்தேன். விண்டோஸ் வந்தது, ரிசால்வும் திறந்தது, ஆனால் முந்தைய நாள் நன்றாகத் திறந்த ஒரு ஜிப் கோப்பு சிதைந்துள்ளது என்று சொன்னது. மெம்டெஸ்ட்86 இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகளைக் காட்டியது. 5200இல் முதல் இரண்டு சுற்றுகள் சுத்தமாகப் போய், மூன்றாவது சுற்றில் இரண்டே இரண்டு பிழைகள் வந்தன.

"ரெண்டு தானேண்ணே, கேம் நல்லாத்தானே ஓடுது" என்றான் தம்பி. அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கேமில் ஒரு பிட் மாறினால் ஒரு நிறம் தவறலாம், அல்லது கேம் மூடிக்கொள்ளும், மீண்டும் திறக்கலாம். தொகுப்புக் கணினியிலோ, மெமரி கார்டிலிருந்து வட்டுக்கு நகலாகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. நகலெடுத்த பிறகு கார்டை அழித்து அடுத்த திருமணத்துக்குக் கொண்டு போகிறான். தாலி கட்டும் நிமிடத்தை யாரும் இரண்டாவது முறை எடுத்துக் கொடுக்க முடியாது. பிழை எண்ணிக்கை பூச்சியம் என்பதைத் தவிர வேறு எந்த எண்ணையும் இந்தக் கணினிக்கு நான் ஏற்க மாட்டேன்.

டிடிஆர்5இல் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறது என்கிறார்களே என்று அப்போது ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அது சில்லுக்குள் சேமித்த தரவு கெடும்போது திருத்துவது. சில்லிலிருந்து பிராசசருக்கு வரும் பாதையில் ஏற்படும் பிழையை அது அறியாது, எங்களுக்கு நேர்ந்ததோ அந்தப் பாதையில்தான். ஒரு சேனலில் இரண்டு ஸ்டிக் சேரும்போது கன்ட்ரோலர் இழுக்க வேண்டிய மின்சுமை கூடுகிறது, குறிப்பின் வடிவம் மழுங்குகிறது, வேகம் கூடக்கூட அதைப் பிரித்தறிவது கடினமாகிறது. பிறகு ஏஎம்டியின் விவரப் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வரை, நான்கு போட்டால் 3600 வரை என்று அதில் தெளிவாக இருந்தது. நாம் 6000இல் ஓட்டுவதே அந்த உறுதிமொழிக்கு மேலே போவதுதான்; இரண்டு ஸ்டிக்கில் அதற்கு இடம் இருக்கிறது, நான்கில் மிகக் குறைவு. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. சிபியு-இசட் மென்பொருளில், ஸ்டிக்கின் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, பெட்டியில் ஒரே எண் இருந்தும், முதல் கிட்டில் ஒரு நிறுவனத்தின் சில்லும் இரண்டாவது கிட்டில் வேறொரு நிறுவனத்தின் சில்லும் இருந்தன. பத்து மாத இடைவெளியில் உள்ளிருக்கும் சில்லு மாறுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஒரே கிட்டாக விற்கப்படுபவை மட்டுமே ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை.

நான்கு ஸ்டிக்கையும் 4400க்கு இறக்கிய பிறகு ஓர் இரவு முழுவதும் பிழை வரவில்லை. 64 ஜிபி கிடைத்தது, எடிட்டிங் நன்றாக நடந்தது. ஆனால் கேமில் நகரத் தெருக்களில் திரும்பும்போது தடுக்கல் வந்துவிட்டதை நான் சொல்லாமலேயே அவன் கண்டுபிடித்தான். ஒரு வாரம் அப்படி ஓட்டிவிட்டு, 32 ஜிபி வீதம் இரண்டு ஸ்டிக் கொண்ட 6000 சிஎல்30 கிட் ஒன்றை வாங்கினேன். இம்முறை, போர்டு நிறுவனம் சோதித்துப் பட்டியலிட்ட மாடல்களில் அந்த எண் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே பணம் கொடுத்தேன். 48 ஜிபி வீதம் இரண்டு கொண்ட 96 ஜிபி கிட்களும் கடையில் இருந்தன. 24 கிகாபிட் சில்லுகள் வந்த பிறகு இரண்டே ஸ்டிக்கில் அந்த அளவு சாத்தியமாகியிருக்கிறது. அவனுடைய 44 ஜிபி தேவைக்கு 64இல் போதுமான இடைவெளி இருந்ததால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். புதிய கிட் எக்ஸ்போவில் முதல் முயற்சியிலேயே 6000இல் எழுந்தது. அடுத்த நாள் காலைவரை ஓடிய மெம்டெஸ்டில் பிழை இல்லை. அதன் பிறகுதான் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பை இயக்கினேன். ஒவ்வொரு முறையும் டிரெய்னிங் செய்யாமல், முன்பு கண்டறிந்த மதிப்புகளையே எடுத்துக்கொண்டு விரைவாக எழ அது உதவுகிறது. நிலைத்தன்மை உறுதியாவதற்கு முன் அதை இயக்கினால், பிழைக்குக் காரணம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். 2025 மே மாதம், அக்னி நட்சத்திர நாட்களில், மதியம் ஓடிய ரெண்டர் இரண்டு முறை பாதியில் நின்றது. இரவில் ஓட்டினால் அதே ப்ராஜெக்ட் முழுதாக முடிந்தது. அந்த அறையில் ஏசி இல்லை. டிடிஆர்5 ஸ்டிக்குகளில் வெப்ப உணரி உள்ளேயே இருப்பதால் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் அதைப் பார்க்க முடிந்தது: இரவில் 55 டிகிரியில் இருந்த ஸ்டிக், மதிய ரெண்டரில் 74ஐத் தொட்டது. ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தேங்கியிருக்கும் மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும், டிடிஆர்5இல் 32 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் திரும்ப நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு விரைவாகிறது, மின்குறிப்புகளின் நேர இடைவெளியும் நெருக்கடியாகிறது. நான் செய்த இரவுச் சோதனையில் இரண்டு குறைகள் இருந்தன: அறை குளிர்ந்திருந்தது, கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது. உண்மையான ரெண்டரில் அந்த கார்டின் வெந்நீராவி போன்ற காற்று நேராக மேலே ஏறி ஸ்டிக்குகளின் மீதுதான் படிகிறது. முன்பக்கத்தின் கீழே இருந்த ஒரு விசிறியை ஸ்டிக்குகளின் உயரத்துக்கு மாற்றி, மேலே வெளியேற்றும் விசிறி ஒன்றையும் சேர்த்தேன். மதிய ரெண்டரில் 61 டிகிரிக்கு மேல் போகவில்லை, ரெண்டரும் நிற்கவில்லை. அதன் பிறகு நான் பொருத்தும் எந்தக் கணினியிலும் மெம்டெஸ்ட் இரவிலும், கிராபிக்ஸ் கார்டை உழைக்கவிட்ட ரேம் சோதனை உச்சி வெயில் நேரத்திலும் என இரண்டையும் செய்கிறேன்.

2025 இறுதியில் தம்பியின் நண்பர் இதேபோல் ஒன்று கேட்டபோது நிலவரம் தலைகீழாகியிருந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் எடுத்துக்கொண்டதால் ரேம் விலை பன்மடங்கு ஏறியிருந்தது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அவருக்கு 64 ஜிபி வாங்கிக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. அவருடைய பழைய கணினியை இரண்டு வாரம் அளந்தோம். அவர் எடுப்பது ஒற்றை கேமரா நேர்காணல்கள், 'கமிட்டட்' 23 ஜிபியைத் தாண்டவில்லை. ரிசால்வின் மெமரி அமைப்பில் ஃபியூஷனுக்கான எல்லையைக் குறைத்து, தலைப்புகளை முன்கூட்டியே ரெண்டர் செய்து வைக்கும் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் அவருக்கு 32 ஜிபி போதும். என்னிடம் மீதமிருந்த இரண்டாவது கிட்டையே, நான் வாங்கிய பழைய விலைக்கு அவரிடம் கொடுத்தேன். மீதி இரண்டு ஸ்லாட்களைப் பார்த்து, அங்கே பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று அவரும் கேட்டார். தேவை வரும் நாளில் இந்த இரண்டையும் விற்றுவிட்டுப் பெரிய இரண்டை வாங்குங்கள் என்று சொன்னேன்.

இரண்டு கணினிகளின் பக்கக் கதவின் உட்புறத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறேன். கிட்டின் முழு மாடல் எண், வாங்கிய தேதி, எந்த ஸ்லாட், எக்ஸ்போ ப்ரொஃபைல், ரேமின் மின்னழுத்தம், எஸ்ஓசி மின்னழுத்தம், பயாஸ் பதிப்பு, இரவுச் சோதனையின் தேதி, மதியச் சோதனையின் தேதி, அப்போது அறையில் இருந்த வெப்பம் என எல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. தம்பியின் தாளில் மதியச் சோதனைக்கு எதிரே உள்ள தேதி 2025 மே 24, வெப்பம் 39 டிகிரி, பிழை 0. நண்பரின் தாளில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. சித்திரை வெயில் வந்ததும் ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.